தாயின் பெயரில் ஆடிய மகள்

1934-ம் ஆண்டில் இங்கிலாந்தில் "எவர்கிரீன்" என்ற சங்கீதப் படம் வெளிவந்தது. சினிமா பேசத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. பென் லெவி எழுதிய நாடகம் ஒன்று 1930-ல் லண்டன் அடெல்பி தியேட்டரில் நடந்தது. அதைத் தழுவியே இந்தப் படத்தை எடுத்தார்கள். டைரக்டர், விக்டர் சாவில்.

ஆட்டமும் பாட்டும் நிறைந்த வேடிக்கைப் படம் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. இதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது.

ஹாரியட் கிரீன் லண்டன் மேடையில் பெரும் புகழ் பெற்ற பாடகி. ஒரு கயவனின் மிரட்டலுக்குப் பயந்து, குழந்தையை விட்டுவிட்டு மறைந்து விடுகிறாள்.

குழந்தை வளர்ந்து குமரி ஆகிறாள். தாயைப் போலவே அழகு. அவளைப் போலவே ஆடுவாள், பாடுவாள். ஆனால், வேலை தேடிப் போனால் அவளைச் சீந்துவார் இல்லை!

அப்போது ஒருவனுக்கு யோசனை பிறக்கிறது. அறுபது வயதிலும் இளமை மாறாத ஹாரியட் திரும்பி வந்துவிட்டாள் என்று விளம்பரம் செய்கிறார்கள். மகள், தாயாக மேடை ஏறுகிறாள். மக்கள் மயங்கிப் போகிறார்கள்!

பெண் அவளேதான். ஆட்டமும் அதேதான். பெயர்தான் வேறு. அப்படியானால் அந்தக் கைதட்டல் யாருக்கு? கலைக்கா, பெயருக்கா?

பொய்க்கு விலையும் உண்டு. அவள் மனதுக்குப் பிடித்த வாலிபனை அவளுடைய மகன் என்றே ஊர் நம்புகிறது. காதலை வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிறாள். கடைசியில் மேடையிலேயே வேஷத்தைக் கலைத்து, உண்மையைச் சொல்கிறாள்.

பொய் சொன்னது தவறுதான். ஆனால் குற்றம் அவளுடையது மட்டுமா? திறமையைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

தாய், மகள் இருவராகவும் நடித்தவர் ஜெஸ்ஸி மாத்யூஸ். நாடகத்திலும் அவரே கதாநாயகி. அவர் பிறந்தது பெரிய நடிகர் குடும்பத்தில் அல்ல. அவருடைய தந்தை லண்டனில் காய்கறி, பழ வியாபாரி. பிறர் பெயரை இரவல் வாங்காமல், சொந்தத் திறமையால் உயர்ந்தவர் ஜெஸ்ஸி.

பெற்றோர் தேடி வைத்த புகழ் பிள்ளைகளுக்கு நிழல் தரலாம். ஆனால் நிழலிலேயே வைத்திருந்தால் செடி வளராது. "இன்னாருடைய பிள்ளை" என்பதோடு நின்றுவிடாமல், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்டுப் பழக வேண்டும். வீட்டிலும் அப்படித்தான், வெளியிலும் அப்படித்தான்.