மாலையைக் கழற்றிய மறுநாள்

தை பிறந்துவிட்டது. மண்டல பூஜைக்குச் சென்றவர்களும் மகரஜோதி கண்டவர்களும் இல்லம் திரும்பிவிட்டார்கள். கழற்றிய மாலை சுவாமி படத்தின்மேல் ஏறிவிட்டது. நெய்ப் பிரசாதமும் அரவணையும் உற்றார் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. கறுப்பு வேட்டிகள் துவைத்து மடிக்கப்பட்டு, அடுத்த கார்த்திகைக்காகப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன.

அண்மையில் எங்கள் பகுதிக் கோயில் பிராகாரத்தில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, என் பிள்ளை 41 நாளும் சிகரெட்டைக் கையால் தொடவில்லை. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே தெருமுனைக் கடைக்குப் போய் நின்றுவிட்டான். 41 நாள் முடிந்தவனுக்கு 42-ஆம் நாள் மட்டும் ஏன் முடியவில்லை?"

இக்கேள்வி அவருடையது மட்டுமன்று. புகை, புகையிலை, மது என்று ஏதேனும் ஒன்று குடிபுகுந்த எத்தனையோ இல்லங்களில், தாய்மார்களும் மனைவியரும் தை மாதத்தில் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. கார்த்திகையில் பிறந்த நம்பிக்கை தையில் உடைந்துபோகும்போது, "எல்லாம் வேஷம்" என்று சலித்துக்கொள்வது இயல்பே. ஆனால் அது வேஷமன்று என்பதே என் எண்ணம். 41 நாட்கள் அந்த மனிதர் உண்மையாகவே அடங்கியிருந்தார். அவரை அடங்கியிருக்கச் செய்தவை எவை என்று கண்டறிந்தால், அவற்றைத் தொடர்ந்து காப்பதற்கும் வழி பிறக்கும்.

விரதம் எழுப்பும் நான்கு தூண்கள்

பழக்கம் என்பது தனியே வானத்திலிருந்து இறங்குவதில்லை. அது ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் ஒரு கூட்டத்தையும் பற்றிக்கொண்டு வாழ்கிறது. காலையில் காபி குடித்ததும் ஒரு சிகரெட்; அலுவலகம் விட்டதும் நண்பர்களோடு ஒரு கடை; இரவு உணவுக்குப் பின் வெற்றிலையோடு புகையிலை. நேரம் வந்ததும் கை தானாகவே நீள்கிறது. மனத்திடம் அனுமதி கேட்பதில்லை.

ஐயப்ப விரதம் முதல் நாளிலேயே இந்தப் பிடிமானங்களை அறுத்துவிடுகிறது. விடியலில் குளிர்ந்த நீராட்டு, பின்னர் சரண கோஷம். முதல் சிகரெட்டுக்கு உரிய நேரம் அங்கே பறிபோகிறது. மாலையில் மீண்டும் நீராட்டு, பூஜை, பஜனை. கடைக்குச் செல்லும் நேரமும் பறிபோகிறது. இது முதல் தூண்: நேரம்.

இரண்டாவது தூண், கூட்டம். நேற்றுவரை "வாடா போகலாம்" என்று அழைத்த நண்பரே, கழுத்தில் மாலையைக் கண்டதும் விலகி வழிவிடுகிறார். அவருடைய இடத்தில் குருசாமியும் கன்னிசாமிகளும் வந்து அமர்கிறார்கள்.

மூன்றாவது, அடையாளம். கை சட்டைப் பைக்குச் செல்லும் வழியில் மாலையின் மணி தட்டுப்படுகிறது. வெறுங்காலும் தாடியும் கறுப்பு உடையும், "நீ யார்" என்பதை நொடிக்கு நொடி நினைவூட்டுகின்றன.

நான்காவது, பெயர். இதுவே எல்லாவற்றிலும் வலியது. மனைவி "சாமி" என்கிறாள்; பெற்ற பிள்ளை "சாமி" என்கிறது; பேருந்து நடத்துநர்கூட "சாமி, கொஞ்சம் உள்ளே போங்க" என்கிறார். நாள்தோறும் நூறு முறை சாமி என்று அழைக்கப்படுகிறவன், சாமியாகவே நடந்துகொள்ள முயல்கிறான். 18 படிகளையும் ஏறிச் சன்னிதானத்தை அடைந்தால், அங்கே பொறிக்கப்பட்டிருப்பது சாந்தோக்கிய உபநிடதத்தின் மகாவாக்கியம். வணங்கப்படும் பொருளும் வணங்குகிறவனும் வேறல்ல என்பதே அதன் உட்பொருள். அந்தப் பெயர் வெறும் மரியாதைச் சொல்லன்று என்பது அங்கே விளங்கும்.

மாலையைக் கழற்றும் அந்த ஒரே நாழிகையில் இந்த நான்கு தூண்களும் ஒருசேரச் சாய்கின்றன. விடியல் நீராட்டு நின்றுபோகிறது, குருசாமி தம் வீட்டுக்குச் சென்றுவிடுகிறார், கழுத்து வெறுமையாகிறது, சாமி மறுபடியும் வெறும் ஆளாகிறார். பந்தல் சாய்ந்தால் கொடி தரையில் விழத்தான் செய்யும். கொடிக்கு உயிரில்லை என்று அதற்குப் பொருளன்று.

41-உம் 66-உம்

ஒரு பழக்கம் வேர்பிடிக்க எத்தனை நாளாகும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு இதனை ஆராய்ந்து, 2010-ஆம் ஆண்டு ஆய்விதழில் வெளியிட்டார்கள். உணவோடு பழம் உண்பது, தண்ணீர் அருந்துவது, சிறிது தூரம் ஓடுவது போன்ற ஏதேனும் ஒரு நற்செயலை ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒரே சூழலில் செய்துவந்தனர். அது முயற்சியின்றித் தானாக நிகழும் நிலையை நெருங்க, நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாயின. சிலருக்கு 254 நாட்கள்வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது.

அது புதிய பழக்கத்தை வளர்ப்பது பற்றிய ஆய்வு. பழைய பழக்கத்தை விடுவது பற்றியதன்று. ஆயினும் விடியல் நீராட்டும் சரணமும் புதிய பழக்கங்கள்தாமே! அவை வேர்பிடித்தால்தான் பழையது திரும்பி வர இடமிராது. நம் முன்னோர் வகுத்த 41 நாட்கள் பாதைக்கு மிகச் சிறந்த தொடக்கம். ஆனால் பலருக்கு அது முழுப் பயணமன்று. 66-இல் 41-ஐக் கழித்தால் எஞ்சுவது 25. மாலையைக் கழற்றிய பின் வரும் அந்த 25 நாட்களையே நாம் கைவிட்டுவிடுகிறோம்.

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் முதற் பாதத்தில் அப்பியாசத்துக்கு மூன்று நிபந்தனைகள் விதிக்கிறார்: நீண்ட காலம் செய்யவேண்டும், இடைவிடாது செய்யவேண்டும், மதிப்போடு செய்யவேண்டும். விரத காலத்தில் இடைவிடாமையும் மதிப்பும் நிறைந்திருக்கின்றன. குறைவது நீண்ட காலம் ஒன்றுதான்.

அந்த ஆய்வில் ஆறுதல் தரும் செய்தி ஒன்றும் உண்டு. இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்கு அதனால் பெரிய பின்னடைவு நேரவில்லை. வங்கியில் கடன் வாங்கியவர் ஒரு தவணை தவறிவிட்டால், "இனிக் கடனே கட்டமாட்டேன்" என்று முடிவெடுப்பதில்லை. அடுத்த தவணையைக் குறித்த நாளில் கட்டிக் கணக்கைச் சீராக்கிக்கொள்கிறார். ஒரு சிகரெட் பிடித்துவிட்டவரும் அவ்வாறே செய்யவேண்டும். ஒரு நாள் தவறியதைவிட, "தவறிவிட்டதே, இனி என்ன" என்னும் எண்ணமே அதிகக் கேடு விளைவிக்கிறது.

உடல் சொல்லும் கணக்கு

புகையை விட்டவருக்கு முதல் சில நாட்களே கடுமையானவை. எரிச்சல், உறக்கமின்மை, பசி, மனம் ஓரிடத்தில் நில்லாமை ஆகியவை அப்போது உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆகவே 41 நாட்கள் கடந்தவர், மலையின் செங்குத்தான பகுதியை ஏற்கெனவே ஏறி முடித்தவர். அவரை இழுப்பது பெரும்பாலும் உடலின் தேவையன்று. காபிக் கோப்பையும் தெருமுனைக் கடையும் எழுப்பும் நினைவே. "ஒன்றே ஒன்று" என்று தொடங்குவது அவர் ஏறிய மலையிலிருந்து தாமே இறங்கி, மறுபடியும் அடிவாரத்தில் நிற்பதற்கு ஒப்பாகும்.

மதுவைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்கவேண்டும். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் மாலை போட்ட அன்றே திடீரென்று நிறுத்தினால், முதல் சில நாட்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதவை கண்ணுக்குத் தோன்றுதல், மனக்குழப்பம் ஆகியவை ஏற்படலாம். இதனைச் சாமி குற்றம் என்றோ காற்று கருப்பு என்றோ எண்ணித் தாமதிக்கலாகாது. இது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய மருத்துவ நிலை. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். அத்தகையவர் மாலை அணிவதற்கு முன்பே மருத்துவரைக் கண்டு, அவருடைய துணையோடு நிறுத்துவதே அறிவுடைமை. விரதம் முடிந்து பழைய அளவிலேயே மீண்டும் குடிப்பதும் ஆபத்தானது. இடைக்காலத்தில் உடலின் தாங்கும் ஆற்றல் குறைந்திருக்கும்.

தூண்களைச் சாயாமல் காப்பது எப்படி?

முதலாவதாக, மாலையைக் கழற்றும் நாளில் எல்லாவற்றையும் கழற்றவேண்டாம். விடியல் நீராட்டையும், அதன்பின் விளக்கின் முன் பத்து நிமிடம் அமர்வதையும் மட்டுமேனும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். வெறுங்காலும் தரைப்படுக்கையும் விரதத்தோடு போகட்டும். விடியல் மட்டும் தங்கட்டும்.

இரண்டாவதாக, குருசாமியின் தொடர்பு அறுபடாதிருக்கட்டும். சபரிமலையில் ஒவ்வொரு மலையாள மாதப் பிறப்பின்போதும் ஐந்து நாட்கள் நடை திறந்து பூஜை நடைபெறுகிறது. உடன் சென்ற குழுவினர் அந்நாட்களில் ஒன்றில் உள்ளூர்க் கோயிலிலோ ஒருவர் இல்லத்திலோ கூடிப் பஜனை செய்யலாம். "சாமி, எப்படி இருக்கிறீர்கள்?" என்று மாதம் ஒருமுறை கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய காவல்.

மூன்றாவதாக, விட்ட இடத்தை வெறுமையாக விடலாகாது. வேட்கை எழும்போது அது பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களைக் கடக்க ஒரு குவளைத் தண்ணீர், வாயில் ஓர் ஏலக்காய், 108 முறை நாம ஜபம் போதும். ஜபம் முடிவதற்குள் அலை பெரும்பாலும் கரையில் மோதி ஓய்ந்திருக்கும்.

நான்காவது குடும்பத்தாரின் பங்கு. வழுக்கியவரைப் பார்த்து, "இவ்வளவுதானா உன் பக்தி?" என்று கேட்டுவிடாதீர்கள். அச்சொல் அவரிடம் எஞ்சியிருக்கும் சாமியையும் வெளியேற்றிவிடும். "41 நாள் இருந்து காட்டினாயே, உன்னால் முடியும் என்று எங்களுக்குத் தெரியும்" என்பதே ஏற்ற சொல். புகையிலையை விட விரும்புவோருக்கு வழிகாட்ட 1800 11 2356 என்னும் கட்டணமில்லாத தேசியத் தொலைபேசிச் சேவை உள்ளது. போதைப் பழக்கங்களுக்கு 14446. பிறருடைய துணையை நாடுவதில் இழுக்கில்லை. தனியாக மலையேறும் கன்னிசாமி எவரேனும் உண்டா?

நம்முடைய மார்கழி

இதுவரை பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். இனி மூத்தவர்களாகிய நம்மைப் பற்றியும் சிறிது எண்ணிப் பார்ப்போம். மார்கழி 30 நாளும் நான்கு மணிக்கு எழுந்து, நீராடி, கோலமிட்டு, திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடினோம். தை இரண்டாம் நாள் எத்தனை மணிக்கு எழுந்தோம்? பிள்ளையின் மாலைக்கு நேர்ந்ததே நம் மார்கழிக்கும் நேர்ந்தது.

திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் ஆண்டாள் நாச்சியார் நோன்பின் ஒழுங்குகளைச் சொல்லும்போது, விடவேண்டியவற்றையும் செய்யவேண்டியவற்றையும் சேர்த்தே சொல்லுகிறார். நெய்யும் பாலும் மையும் மலரும் விலக்கப்படுகின்றன, புறங்கூறுதலும் விலக்கப்படுகிறது. விடியல் நீராட்டும் ஈகையும் ஏற்கப்படுகின்றன. பின்வரும் பாசுரங்களில் உறங்கும் தோழியர் ஒவ்வொருவராக எழுப்பப்படுகின்றனர். நேரம், கூட்டம், விடுதல், ஏற்றல் எல்லாம் அங்கேயே இருக்கின்றன.

பணி ஓய்வு பெற்றபின் நம் நாளுக்கு எல்லை கட்ட மணியுமில்லை, வருகைப் பதிவேடுமில்லை. இரவு பதினொரு மணிவரை தொலைக்காட்சித் தொடர், படுக்கையில் கைப்பேசி, அதனால் பிந்திய விழிப்பு, பிற்பகலில் நெடுந்தூக்கம், அதனால் மறுபடியும் இரவில் உறக்கமின்மை என்று ஒரு வட்டம் சுழலத் தொடங்குகிறது. இதனை அறுக்கக் காலையில் போராடிப் பயனில்லை. முதல் நாள் இரவிலேயே தொடங்கவேண்டும். ஒன்பதரை மணிக்குக் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுக்கச் செல்வது ஒன்றே போதும். விடியல் தானாக வரும். மாத்திரையை நாள்தோறும் விளக்கேற்றும் நேரத்தோடும், நடைப்பயிற்சியைப் பிராகார வலத்தோடும் இணைத்துவிட்டால் இரண்டும் மறவா. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் மேற்கொள்ளவேண்டாம். உண்ணாதிருப்பவனுக்கும் மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவானே அளவை வலியுறுத்துகிறார்.

அதே அத்தியாயத்தில், மனம் காற்றைப்போல் அடக்கமுடியாதது என்று அர்ச்சுனன் முறையிடுகிறான். பகவான் அதனை மறுக்கவில்லை. கடினந்தான் என்று ஒப்புக்கொண்டு, பயிற்சியாலும் பற்றின்மையாலும் அடக்கலாம் என்று வழிகாட்டுகிறார். வில்லாளனாகிய அர்ச்சுனனுக்கே கடினமானது, அலுவலகம் சென்று திரும்பும் நம் பிள்ளைக்கு 41 நாளில் முற்றிலும் கைகூடவில்லை என்றால் அதில் வியப்பென்ன? இவ்வாண்டு 41 நாள் என்றால், அதனை 66 ஆக்க அவருக்குத் துணை நிற்போம். நாமும் நம்முடைய ஒன்றை விட்டுக் காட்டுவோம். பொடி மட்டையோ, புகையிலையோ, நள்ளிரவுத் தொலைக்காட்சியோ, எதுவாயினும் சரி. அறிவுரையைவிட அது விரைவில் சென்று சேரும்.

அடுத்த கார்த்திகையில் மாலை அணியும்போது, விடுவதற்கென்று எதுவும் எஞ்சியிராத நிலையை ஐயன் நம் இல்லங்களுக்கு அருள்வானாக.

சுவாமியே சரணம் ஐயப்பா!