மே மாதம் மட்டும் பசிக்காதா?

தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று தமிழக அரசு சென்னையில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. விழா எடுத்தது சரியே. தேனி மாவட்டமே நெஞ்சு நிமிர்த்திய நாள் அது. ஆனால் அதே அரசின் பள்ளிகளில், பிள்ளைகளுக்குத் தாளம் போடக் கற்றுத்தரும் இசை ஆசிரியர் அந்த ஆண்டிலும் ‘பகுதிநேரம்’தான். அப்போது மாதம் 12,500 ரூபாய். அதுவும் ஆண்டுக்கு 11 மாதங்கள் மட்டும். இந்த ஏற்பாட்டை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

பகுதிநேர ஆசிரியர்களின் கதை வாசகர்கள் அறிந்ததுதான். 2011 நவம்பர் 11 தேதியிட்ட அரசாணை 177 மூலம் 16,549 பணியிடங்கள் உருவாயின. அதில் ஓவியம், இசை அடங்கிய கலைக்கல்விக்கு 5,253. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. 2012-இல் 5,000 ரூபாயில் தொடங்கிய தொகுப்பூதியம், 2014-இல் 7,000, 2017-இல் 7,700, 2021-இல் 10,000 என ஊர்ந்தது. 2023-இல் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்தில் நாள் கணக்கில் உட்கார்ந்து போராடிய பிறகு 2,500 ரூபாய் கூடியது. கேட்டது பணி நிரந்தரம். கிடைத்தது 2,500 ரூபாயும், போலீஸ் வண்டியும். இறந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வெறுத்து விலகியவர்கள் போக 2025-இல் மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 12,000 பேர்.

தொகை குறைவு என்பதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். மே மாதத்தை அப்படி ஒதுக்கி வைக்க முடியாது.

மே மாதம் பள்ளிக்கு விடுமுறை, வேலை இல்லை, ஆகவே சம்பளம் இல்லை என்றார்கள். அதே பள்ளியில், அதே விடுமுறையில், அடுத்த வகுப்பறையில் பாடம் நடத்தும் நிரந்தர ஆசிரியருக்கு மே மாதச் சம்பளம் வந்துவிடுகிறது. அவருக்கு வருவது நியாயம். இவருக்கு வராததுதான் அநியாயம். ஏப்ரல் சம்பளத்தை வாங்கினால் அடுத்த சம்பளத்தைக் கண்ணில் பார்த்தது ஜூன் முடிந்த பிறகு. இடையில் இரண்டு மாதம் வீட்டில் உலை வைக்க வேண்டியிருந்தது.

அந்த இரண்டு மாதம் தேனிப் பக்கம் எப்படிப்பட்டது என்பது கோட்டையில் இருப்பவர்களுக்குத் தெரியுமா? சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. சொந்தபந்தம் வந்து இறங்கும். வைகாசி பிறந்தால் கல்யாண வீடுகள். செய்முறை செய்யாமல் போய் நிற்க முடியாது. ஜூனில் பள்ளி திறந்தால் சொந்தப் பிள்ளைக்கு நோட்டு, பை, கட்டணம். மகளிர் குழுக் கடனுக்கும் வங்கித் தவணைக்கும் கோடை விடுமுறை கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முல்லைப் பெரியாறு தண்ணீரை ஜூன் 1 அன்று திறப்பது வழக்கம். வயலுக்குக்கூடத் தேதி குறித்துத் தண்ணீர் விடத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஆசிரியர் வீட்டு அடுப்பின் கணக்கு மட்டும் தெரியவில்லை. இசை ஆசிரியர் கோடையில் திருவிழாக் கச்சேரிக்கு ஆர்மோனியம் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கச்சேரி கிடைக்காதவர் வேறு கூலி தேட வேண்டியிருந்தது. 2012 முதல் 2025 வரை இப்படிப் பறிபோன மே மாதங்களைக் கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய ஓர் ஆண்டுச் சம்பளம் முழுதாகக் காணாமல் போயிருக்கிறது.

வேலை வாங்கும்போது மட்டும் யாருக்கும் ‘பகுதிநேரம்’ நினைவுக்கு வருவதில்லை. சுதந்திர தின விழாவா, ஆண்டு விழாவா, அதிகாரி வருகையா, ‘பாட்டு டீச்சரைக் கூப்பிடு’. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. குழுப் பாடல், கருவியிசை, நாட்டுப்புறக் கலை என்று போட்டிகள்; வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம்; மேடையில் கைதட்டல். இருபது பிள்ளைகள் ஒரே சுருதியில் நின்று பாட எத்தனை நாள் பயிற்சி வேண்டும் என்பது பாடத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அது வாரத்தில் மூன்று அரை நாளில் முடிகிற வேலையா?

இன்னொன்று. கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கலைக்குப் பகுதிநேர ஆசிரியர். மலையடிவாரத்துச் சிறு பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அந்த அரை நாளும் கிடையாது.

ஆட்சியாளர்கள் கோட்டைவிடுவது இது முதல் முறையும் அல்ல. 2017-இல் சிறப்பாசிரியர் பணிக்கு 1,325 இடங்களை அறிவித்தார்கள். மாநிலம் முழுமைக்கும் இசைக்கு ஒதுக்கியது 86. அந்த நியமனத்தையாவது ஒழுங்காக முடித்தார்களா என்றால், தேர்வெழுதியவர்களை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்க விட்டார்கள். அதற்கும் முன்னால், தொகுப்பூதியம் என்ற ஏற்பாட்டில் பல்லாயிரம் ஆசிரியர்களை வைத்து வேலை வாங்கி, கடைசியில் 2006 ஜூன் 1 முதல் காலமுறை ஊதியம் தந்தார்கள். தவறு என்று ஒப்புக்கொண்டு கைவிட்ட முறையையே ஐந்தாறு ஆண்டுகளில் புதுப் பெயர் சூட்டி மறுபடி கொண்டுவந்தார்கள். 2021 தேர்தலின்போது, ஆட்சிக்கு வந்த கட்சியின் 181ஆவது வாக்குறுதியாகப் பணி நிரந்தரம் அச்சேறியது. ஓட்டு வாங்கியாயிற்று, 2025-க்குள் ஆண்டு நான்கு ஓடியாயிற்று. கேட்டால் நிதி இல்லை, டெல்லி 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியைத் தரவில்லை என்றார்கள். டெல்லி நிறுத்தியது அநீதிதான். ஆனால் அந்தத் தகராறு தொடங்குவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே மே மாதச் சம்பளம் நின்றுபோயிருந்தது. அந்த ஆண்டுகளில் நிதி வந்துகொண்டுதானே இருந்தது? அப்போது தடுத்தது யார்?

இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் மேடை மேடையாகப் பாடியதும், தம்பி அவர் பின்னாலேயே ஊர் ஊராக அலைந்ததும் இந்தப் பள்ளத்தாக்கு மறக்காத கதை. அந்தத் தம்பி சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்த பிறகே மேற்கத்திய இசைக்குறிப்பு அவருக்கு வசப்பட்டது. லண்டன் அரங்கில் எழுந்த கரவொலிக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் இருக்கிறார். மாணவருக்கு விழா எடுக்கும் அரசு, ஆசிரியர் என்ற இனத்தையே அரை நாள் கூலியாக வைத்திருப்பது அந்த விழாவுக்கே இழுக்கு.

இனியும் குழு, பரிசீலனை என்று நாள் கடத்தக் கூடாது. 2012 முதல் பொறுத்தவர்களின் கோரிக்கைக்கு அரசு மனம் வைத்து நல்ல முடிவைச் சொல்ல வேண்டும்.