தோளில் ஏறிய காற்று

"மூன்று வாரமாகக் காலையில் உங்கள் குரலைக் காணோமே, விடுப்பா, வேலை மாற்றமா?" என்று கேட்ட நேயர்கள் எல்லாருக்கும் ஒரே பதில்: பித்தப்பை. கல் இருந்தது, பையோடு எடுத்துவிட்டார்கள். வயிற்றில் நான்கு சின்னத் துளைகள், இரண்டு இரவு வார்டில், பிறகு வீடு. இப்போது நலம்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுத வந்தது அதற்குப் பிறகு வந்த காற்றைப் பற்றி. 'கீ ஹோல்' ஆபரேஷன் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதைச் செய்துகொண்ட பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஆனால் வீட்டில் யாரும் இதைச் சரியான பெயரில் பேசுவதில்லை.

கத்தி வைத்தது வயிற்றில். மறுநாள் காலை கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார்ந்ததும் வலித்தது வலது தோளில். மூச்சை இழுக்கும்போதெல்லாம் தோள் உச்சியில் யாரோ ஊசியால் குத்துவது போல. "ராத்திரி கோணலாப் படுத்திருப்பே" என்றார் அம்மா. எனக்கோ, நெஞ்சுவலிதான் தோளுக்கு வந்துவிட்டதோ என்று பயம். தாதி சிரித்துவிட்டு, "அது கேஸ்தான் அக்கா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார்.

விஷயம் இதுதான். துளை வழியாகக் கேமராவை விட்டுப் பார்ப்பதற்கு வயிற்றுக்குள் இடம் வேண்டும். அதற்காகக் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம் போல் தூக்குகிறார்கள். சில லிட்டர் வாயு போகும். ஏன் சாதாரணக் காற்று இல்லை? உள்ளே மின்சாரக் கருவியால் சுடுகிறார்கள், கரியமில வாயு தீப்பற்றாது. அதோடு இரத்தத்தில் சுலபமாகக் கரைந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சோடு வெளியேறிவிடும். வேலை முடிந்ததும் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடுவார்கள். மிச்சம் மீதி இருப்பது, நாம் நிமிர்ந்து உட்கார்ந்ததும் மேலே ஏறி உதரவிதானத்தின் அடியில் தங்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தசைக்கு நரம்பு வருவது கழுத்திலிருந்து. தோள் உச்சித் தோலின் நரம்புகளும் கிட்டத்தட்ட அதே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. ஒரே பெயரில் இரண்டு ஜாலான் இருந்தால் கடிதம் வீடு மாறிப் போகிறதல்லவா? மூளையும் அப்படித்தான் விலாசம் மாறி, 'தோள் வலிக்கிறது' என்று படித்துக்கொள்கிறது.

நம் வீட்டுக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நமக்கு எல்லாக் காற்றும் வாய்வுதான். நான் வீடு திரும்பியபோது பெரியம்மா ஓமத்தண்ணீரோடு வந்தார். அத்தை மோரில் பெருங்காயம் கரைத்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா கோடாலித் தைலப் புட்டியைத் திறந்தேவிட்டார். மூவரின் அன்பிலும் குறையில்லை. ஆனால் தோளைக் குத்தும் காற்று குடலுக்குள் இல்லை, குடலுக்கு வெளியே இருக்கிறது. அது ஏப்பமாகவும் வராது, பின்னாலும் போகாது. மூச்சு வழியாகப் போக வேண்டியதை ஓமம் எப்படி வெளியேற்றும்? (தைலத்தைத் தோளில் தடவிக்கொள்ளலாம். துளை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.)

தோள்வலிக்கு எனக்கு முதலில் கைகொடுத்தது, படுப்பது. கட்டிலைத் தாழ்த்தி, தலையணையை ஒன்றாகக் குறைத்துச் சமமாகப் படுத்ததும் வாயு உதரவிதானத்தை விட்டு நகர்கிறது, குத்தலும் தணிகிறது. அதற்காக நாள் முழுக்கப் படுத்தே கிடக்கவும் கூடாது. நடை வேண்டும். எங்கள் அடுக்குமாடி வீட்டின் நடைபாதையில் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்தேன், ஆமை வேகத்தில். துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பையைத் தோளில் வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். அப்புறம், மூச்சு. வலிக்கிறதே என்று மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தங்கும். மைக் முன்னால் உட்காருவதற்கு முன் நாங்கள் செய்வது போல, வயிற்றில் கை வைத்து, மூக்கால் மெதுவாக இழுத்து, வாயால் நீளமாக விடுங்கள். முதல் நாள் என்னால் மூன்று முறைக்கு மேல் முடியவில்லை. நான்காம் நாள் பத்து முறை வந்தது.

வலி மாத்திரையை, வலி உச்சிக்கு ஏறிய பிறகு தேடாதீர்கள். டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: மருத்துவமனை தரும் பாராசிட்டமோலும் வீட்டு டிராயரில் இருக்கும் பனடோலும் ஒரே மருந்து. இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக்கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி இரண்டாவது காற்று, நம் பழைய வாய்வு. மயக்க மருந்தும் சில வலுவான வலி மாத்திரைகளும் குடலை மந்தமாக்கிவிடும். உள்ளே இருக்கும் காற்று நகராமல் வயிறு உப்பும். அதனால்தான் வார்டில் எல்லாரிடமும் தாதிகள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: 'சுடா கெந்துட்?' காற்றுப் பிரிந்ததா என்று பொருள். கேட்பவர்களுக்கு அது இரத்த அழுத்தம் கேட்பது மாதிரி. கேட்கப்படுபவருக்கு அப்படியா?

என் பக்கத்துக் கட்டிலில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. வெடித்துப்போன குடல்வாலை எடுத்திருந்தார்கள். பார்வையாளர் நேரத்தில், மருமகன் எதிரே நிற்கும்போது அந்தக் கேள்வி வந்தது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு 'சுடா' என்றார். கஞ்சியும் வந்தது. எல்லாரும் போனதும் என் பக்கம் திரும்பி, "இன்னும் இல்லம்மா, மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?" என்றார். அன்றிரவு வயிறு மத்தளம் போல் ஆகி, குடித்த கஞ்சியெல்லாம் வாந்தியாக வந்தது. மணியை அழுத்தி, அவர் என்னிடம் சொன்னதைத் தாதியிடம் நான் மலாயில் சொன்னேன். உணவை நிறுத்தி டிரிப் போட்டார்கள். காலையில் இரண்டு முறை கைத்தாங்கலாக நடக்க வைத்தார்கள். மதியம் நான் வீட்டுக்குக் கிளம்பும் நேரம், அந்த அம்மா கட்டிலிலிருந்தே கையை ஆட்டி, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "போயிருச்சும்மா!" என்றார். மருமகனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். சிரித்தார்.

இந்தக் காற்றுக்குத்தான் பெரியம்மாவின் வைத்தியம் ஓரளவு செல்லும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, இளஞ்சூடான ஓமத்தண்ணீரோ இஞ்சித் தேநீரோ குடிக்கலாம். இடப்பக்கம் சாய்ந்து முழங்காலை லேசாக மடக்கிப் படுத்தால் எனக்கு இதமாக இருந்தது. சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்வதும் ஒரு வழி. சாப்பாடு வருகிறது என்று நினைத்துக் குடல் வேலையைத் தொடங்கும். சிசேரியன் ஆன பெண்களிடம் செய்த ஆய்வுகளில் காற்று சற்று முன்னதாகப் பிரிந்திருக்கிறது. (சிங்கப்பூர்த் தோழி ஒருத்தி இதைக் கேட்டு, "எங்களுக்கு அதிர்ஷ்டமில்லை" என்றாள்.) மலச்சிக்கல் இருந்தால் முக்காதீர்கள். தண்ணீர், பப்பாளி, அதற்கும் அசையாவிட்டால் டாக்டரிடம் மலமிளக்கி கேளுங்கள்.

நோயாளியைப் பார்க்க வரும் நல்ல உள்ளங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் நாட்டில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் கையில் வருவது 100 பிளஸ். வழக்கமாகக் கடையில் கிடைப்பது கேஸ் ஏற்றிய பானம். ஏற்கெனவே உப்பிய வயிற்றுக்கு அது எதற்கு? ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாலும் காற்றும் சேர்ந்தேதான் இறங்கும். முட்டைக்கோஸ், பருப்பு, பயறு எல்லாம் ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. பித்தப்பை போனவர்களுக்குக் கெட்டித் தேங்காய்ப்பால் குழம்பும் டுரியானும் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கலாம். எனக்கு இது டுரியான் பருவத்தில் நடந்தது. அதைப் பற்றி மேலே எதுவும் சொல்ல விரும்பவில்லை.

தோள்வலி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கும். சிலருக்கு ஒரு வாரம் இழுக்கும். நாளுக்கு நாள் குறைய வேண்டும் என்பதுதான் கணக்கு. குறையாமல் கூடிக்கொண்டே போனால் அதைக் 'கேஸ்' என்று ஒதுக்காதீர்கள். 38 பாகைக்கு மேல் காய்ச்சல், நிற்காத வாந்தி, கல்லாக இறுகிய வயிறு, காற்றும் மலமும் அறவே நின்றுபோவது, துளையில் சீழ், கண்ணில் மஞ்சள், இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத்திணறல், ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிப்பது என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

மறுபரிசோதனைக்குப் போனபோது என் டாக்டரிடம் ஒன்று கேட்டேன்: அந்த மிச்ச வாயுவை முன்கூட்டியே குறைக்க முடியாதா? முடியும் என்றார். துளைகளை மூடும் முன், மயக்க மருந்து நிபுணர் நுரையீரலைச் சில முறை நன்றாக விரித்தால், உதரவிதானம் கீழே இறங்கி வாயுவை வெளியே தள்ளும். தோள்வலி குறைய அது உதவுகிறதாம். அடுத்த மாதம் என் சித்தி மகளுக்கும் பித்தப்பை அறுவை. இந்தக் கேள்வியை ஒரு சீட்டில் எழுதி, இப்போதே அவள் கைப்பையில் வைத்துவிட்டேன்.