தட்டை உலகச் சங்கத்துக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டா?

உலகம் உருண்டை. இது பள்ளிக்கூடம் போகும் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

"இல்லவே இல்லை. உலகம் தோசைக் கல்லைப் போலத் தட்டை!" என்று சொல்வதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. அதே பெயரில் இன்றும் ஒரு சங்கம் இருக்கிறது.

இப்படிப்பட்ட சங்கத்தைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுதலாமா, கூடாதா? உலகம் முழுவதும் உள்ளவர்கள் சேர்ந்து எழுதும் விக்கிபீடியா என்னும் கலைக்களஞ்சியத்தில் இந்தத் தகராறு அடிக்கடி கிளம்புகிறது. ஒருவர் எழுதுகிறார். மற்றொருவர் "எடுத்து விடு" என்கிறார்.

படித்தவர்கள் சண்டை நமக்கு எதற்கு என்று தள்ளிவிட முடியாது. பெண்ணுக்குப் பாடத்தில் சந்தேகம் வந்தால் செல்போனில் தேடுகிறாள். பாட்டிக்குச் சர்க்கரை வியாதி என்றால் மகனும் செல்போனில்தான் தேடுகிறான். அங்கே முதலில் கண்ணில் படுவது பல சமயம் இந்தக் கலைக்களஞ்சியம்தான். அதில் ஒரு சங்கத்தின் பெயரைக் கண்டுவிட்டால், "கலைக்களஞ்சியத்திலேயே போட்டிருக்கிறது" என்று நம்பிவிடுகிறோம்.

500 பவுன் பந்தயம்

தட்டை உலகத்தாரின் கதை சுவையானது. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

இங்கிலாந்தில் சாமுவேல் ரௌபாதம் என்று ஒருவர் இருந்தார். 1838-ம் வருஷம் அவர் ஒரு வாய்க்காலில் இறங்கினார். பெட்போர்டு வாய்க்கால் என்று அதற்குப் பெயர். 6 மைல் தூரம் கோடு போட்டதுபோல் நேராக ஓடும்.

தண்ணீருக்குச் சற்று மேலே தூரதிருஷ்டிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, தூரத்தில் போகும் படகைப் பார்த்தார். 6 மைல் போன பிறகும் படகின் கொடி தெரிந்தது. "உலகம் உருண்டையானால் கொடி மறைந்திருக்க வேண்டுமே!" என்றார்.

உண்மையில் நடந்தது வேறு. தண்ணீரை ஒட்டியுள்ள காற்றில் வெளிச்சம் வளைந்து போகும். அதனால் மறைய வேண்டிய பொருளும் கண்ணுக்குத் தெரியும்.

அவருடைய கொள்கையை நம்பிய ஜான் ஹாம்ப்டன் என்பவர் 1870-ல் ஒரு பந்தயம் கட்டினார். "உலகம் உருண்டை என்று நிரூபித்தால் 500 பவுன் தருகிறேன்!" அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

பந்தயத்தை ஏற்றவர் சாமானியர் அல்ல. ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் பெரிய விஞ்ஞானி. உயிர்கள் எப்படி மாறி வளர்ந்தன என்ற கொள்கையை டார்வினைப் போலவே தாமும் சுயமாகக் கண்டவர்.

வாலஸ் அதே வாய்க்காலுக்குப் போனார். இரண்டு கோடியிலும் நடுவிலும் தண்ணீருக்கு மேலே ஒரே உயரத்தில் குறிகளை வைத்தார். உலகம் தட்டை என்றால் மூன்றும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். ஒரு கோடியிலிருந்து பார்த்தபோது நடுவில் இருந்த குறி உயர்ந்து நின்றது. நடுவிலே தண்ணீர் முதுகு வளைந்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. 6 மைல் தூரத்துக்கு அந்த வளைவு, கணக்குப்படி, சுமார் 6 அடி.

வாலஸ் ஜெயித்தார் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். பணமும் கொடுத்தார்.

அத்தோடு விட்டதா? இல்லை. ஹாம்ப்டன் ஊரெல்லாம் கடிதம் எழுதி வாலஸைத் திருடன் என்று தூற்றினார். அவருடைய மனைவிக்கே மிரட்டல் கடிதம் போட்டார். அதற்காக ஜெயிலுக்கும் போனார். வெளியே வந்து மறுபடியும் எழுதினார். கடைசியில் கோர்ட்டில், பந்தயம் சட்டப்படி செல்லாது, பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று தீர்ப்பாயிற்று. உண்மையை நிரூபித்த வாலஸுக்குக் கைப்பொருள் போனதும் மனம் நொந்ததும்தான் மிச்சம்.

பிறகு 1956-ல் இங்கிலாந்தின் டோவர் நகரில் சாமுவேல் ஷென்டன் என்பவர் தட்டை உலக ஆராய்ச்சிச் சங்கத்தை ஆரம்பித்தார். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். பாவம், மறு வருஷமே ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்டுவிட்டது! வானத்திலிருந்து எடுத்த பூமியின் படங்கள் வந்தபோதும் அவர் அசையவில்லை. 1971-ல் அவர் காலமானபின் அமெரிக்காவில் சார்லஸ் ஜான்சன் சங்கத்தை நடத்தினார். சந்திரனில் மனிதன் இறங்கியதே நாடகம் என்பது அவர் கட்சி. 2001-ல் அவரும் காலமானார்.

அக்கம்பக்கத்து விசாரணை

சரி, இந்தச் சங்கத்துக்கு இடம் தரலாமா?

அச்சிட்ட கலைக்களஞ்சியமானால் இடம் பெரிய பிரச்னை. தமிழில் பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகள் வெளிவந்தன. காகிதத்துக்குக் கணக்கு உண்டு. ஒன்றைச் சேர்த்தால் மற்றொன்றைக் குறைக்க வேண்டும். 2001-ல் தொடங்கிய விக்கிபீடியாவுக்குக் காகிதச் செலவே கிடையாது. எத்தனை கட்டுரை வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

ஆனாலும் அவர்கள் கதவைத் திறந்து போட்டுவிடவில்லை. ஒரு விதி வைத்திருக்கிறார்கள். சங்கம் சொல்வது உண்மையா, பொய்யா என்று அந்த விதி கேட்பதில்லை. சங்கத்தோடு சம்பந்தம் இல்லாத, நம்பத்தக்க வெளியார் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்றுதான் கேட்கிறது.

நம் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான். "நான் யோக்கியன்" என்று மாப்பிள்ளையே சொன்னால் பெண்ணைக் கொடுத்துவிடுவோமா? அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம் அல்லவா?

தகராறு வந்தால் ஏழு நாள் போல விவாதம் நடக்கும். யார் வேண்டுமானாலும் பேசலாம். தலையை எண்ணி முடிவு செய்வதில்லை. யார் பக்கம் சான்று இருக்கிறது என்று பார்க்கிறார்கள். சங்கத்தார் கும்பலாக வந்து கை தூக்கினாலும் அதனால் காரியம் ஆகாது.

இந்த விசாரணையில் தட்டை உலகச் சங்கம் சுலபமாகத் தேறிவிடும். பத்திரிகைகள் நிறைய எழுதியிருக்கின்றன. கிறிஸ்டின் கார்வுட் என்னும் சரித்திர ஆசிரியை 2007-ல் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆகவே இடம் கொடுப்பதே நியாயம். கலைக்களஞ்சியத்தில் பெயர் வருவது சிலை வைப்பது போன்ற மரியாதை அல்ல. அதில் காலரா உண்டு, கொள்ளைக்காரனும் உண்டு.

ஆனால் எல்லாச் சங்கமும் இப்படி அல்ல. ஐன்ஸ்டைன் சொன்னது பிழை என்று சொல்லும் சிறு சங்கங்கள் இருக்கின்றன. தாங்களே கூடுவார்கள். தாங்களே பத்திரிகை போட்டுத் தாங்களே படிப்பார்கள். விஞ்ஞானிகள் அவர்களை மறுத்து எழுதுவதுகூட இல்லை. அதற்கு நேரம் ஏது?

சங்கடம் இங்கேதான். இவர்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமானால், கையில் இருப்பது இவர்கள் சொன்னது மட்டுமே. "இது தவறு" என்று எழுதவும் ஒரு வெளிச் சாட்சி இல்லை. அப்புறம் அது கட்டுரையாக இராது, சங்கத்தின் நோட்டீஸாகிவிடும். அத்தகைய கட்டுரையை எடுத்துவிடுவதே சரி. பொதுவாக இப்படிப்பட்ட கொள்கைகளைப் பற்றிய பெரிய கட்டுரை ஒன்றில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இடம் பெற்றவர்களுக்கும் திருப்தி இல்லை! உடம்பில் சில இடங்களை விரலால் தட்டினால் மனக்கவலை தீரும் என்று சொல்கிறவர்கள் 2014-ல் ஒரு மனுப் போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்து. தங்கள் முறையைப் பற்றிப் பாதகமாக எழுதியிருக்கிறார்களாம், மாற்ற வேண்டுமாம். விக்கிபீடியாவைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் முடியாது என்று மறுத்துவிட்டார். மதிப்புள்ள விஞ்ஞானப் பத்திரிகையில் முதலில் நிரூபியுங்கள், பிறகு பார்க்கலாம் என்பதே அவர் பதிலின் சாரம்.

வெளியே நின்ற விஞ்ஞானி

இந்த விதியால் நஷ்டமும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கனடாவைச் சேர்ந்த டோனா ஸ்டிரிக்லண்ட் என்னும் பெண்மணி லேசர் ஒளியில் அரிய ஆராய்ச்சி செய்தவர். இன்று கண் ஆபரேஷனுக்கு அது உதவுகிறது. 2018-ல் அவரைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதிக் கொடுத்தார். வெளியார் எழுதிய சான்று போதாது என்று திருப்பிவிட்டார்கள்.

தட்டை உலகத்தாரை வேடிக்கைக்காகவாவது பத்திரிகைகள் தேடிப்போய் எழுதின. ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த அம்மையாரைத் தேடிப் போனவர்கள் குறைவு. வெளியார் எழுதாமல் விட்டதை அந்த விதி எப்படி அறியும்?

2018 அக்டோபர் 2-ந் தேதி அவருக்கு பௌதிகத்தில் நோபல் பரிசு அறிவித்தார்கள். 1903-ல் மேரி கியூரி, 1963-ல் மரியா கெப்பர்ட் மேயர். அவர்களுக்குப் பிறகு அந்தப் பரிசு பெற்ற மூன்றாவது பெண் இவர்.

அன்றே கலைக்களஞ்சியத்தில் அவருக்குக் கட்டுரை வந்துவிட்டது. தட்டை உலகச் சங்கத்தின் கதை அங்கே பல வருஷங்களாகவே இருந்து வந்தது.