நெய்வேலியில் துளை போட்ட போர்

நெய்வேலியின் கதையை யார் சொன்னாலும் ஜம்புலிங்க முதலியாரின் கிணற்றில்தான் தொடங்குவார்கள். 1930களின் நடுவில் பாசனத்துக்காக ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ பீறிட்டு வந்தது. அவர் அதை அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஒரே தாவலில் காமராஜர், நேரு, 1956இல் சுரங்க நிறுவனத்தின் தொடக்கம் என்று போய்விடுவார்கள். இடையில் ஓர் உலகப் போர் நடந்தது. அதை யாரும் பேசுவதில்லை.

தமிழில் இரண்டாம் உலகப் போர் என்றால் நேதாஜியின் படை, சயாம் ரயில் பாதையில் செத்த தோட்டத் தொழிலாளர்கள், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள். இவை பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் ஊரை விட்டு நகராத கோடிக்கணக்கான பேருக்குப் போர் வேறு வடிவில் வந்தது: அடுப்புக்கு, விளக்குக்கு, வண்டிக்கு எரிக்க ஒன்றும் இல்லை.

சென்னை மாகாணத்துக்கென்று சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி கிடையாது. வங்காள, பீகார் சுரங்கக் கரியில் பெரும்பங்கு கல்கத்தாவில் கப்பலேறித்தான் இங்கே வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசியும் எண்ணெயும் நின்றன. ஏப்ரல் முதல் வாரத்தில் ஜப்பானியக் கடற்படை வங்காள விரிகுடாவுக்குள் புகுந்து, சில நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னைவாசிகள் மூட்டை கட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கரிக் கப்பல்களின் வழி அடைபட்டது யாருக்கும் நினைவில்லை. கடல் வழி போனால் ரயில்தான். ரயிலோ கிழக்கு எல்லைக்குப் படைகளையும் தளவாடங்களையும் சுமந்துகொண்டிருந்தது. போடி பாதையின் தண்டவாளத்தையே போருக்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். பெட்ரோல் இல்லாமல், பின்னால் மரக்கரி உலையைக் கட்டிக்கொண்டு புகை கக்கியபடி பஸ்கள் ஓடின. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும்.

இந்தத் தட்டுப்பாட்டை ஒட்டித்தான், நெய்வேலி அடங்கிய தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் துளைபோடும் வேலை நடந்தது. 1941இல் அஜீஸ் நகர் பக்கம் துளையிட்டுப் பார்த்தது பின்னி கம்பெனி. படைகளுக்குக் காக்கித் துணி நெய்த பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை அவர்களுடையது. கரியின் அருமை அவர்களுக்குத் தெரியாதா? பெரிதாக ஒன்றும் தேறவில்லை. பிறகு 1943 முதல் 1946 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டு, பழுப்பு நிலக்கரிப் படுகை இருப்பதை உறுதிசெய்தது. அமைதிக் காலமாக இருந்திருந்தால் முதலியார் கொடுத்த கறுப்பு மண் ஏதாவதோர் அலுவலக அலமாரியில் தூங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

போருக்கு அந்தக் கரி உதவவில்லை என்பது வேறு. கரிக்கு மேலே கெட்டியான மணற்பாறை, கீழே அழுத்தத்தோடு மேலெழும் ஊற்று நீர். எந்தத் தண்ணீரைத் தேடிக் கிணறு போட்டார்களோ, அதே தண்ணீர் சுரங்கத்துக்கு எமனாக நின்றது. இரவும் பகலும் இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் வெட்ட முடியும். அதற்கு வழி காண 1950களின் சோதனைக் குழியும் பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் அறிக்கையும் தேவைப்பட்டன. 1957 மே 20 அன்று நேரு தோண்டும் பணியைத் தொடங்கிவைத்தார். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்ட் 24.

அந்தத் தேதிக்குப் பதினோரு நாள் முன்புதான் பெர்லினில் சுவர் எழும்பத் தொடங்கியது. அங்கே எதிரும் புதிருமாக நின்ற இரண்டு தரப்பும் நெய்வேலியில் ஒரே கரியை நம்பி வேலை பார்த்தன. சுரங்கத்தில் மண் வாரிய ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியில் செய்தவை. அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது, 1962இல் மின்சாரம் தந்தது. பதினாறே ஆண்டுகளுக்கு முன் ஒருவரை ஒருவர் சுட்ட தலைமுறை அது.

அந்த அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டுவிட்டது. அதிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்த முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஜெர்மன்காரரும் ரஷ்யக்காரரும் இவர்களுக்கு எந்த மொழியில் வேலை சொன்னார்கள், நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போன கிராமத்தார் அந்த இயந்திரங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதெல்லாம் சுரங்க நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் கிடைக்காது. பக்கத்திலேயே சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வரலாற்றுத் துறை மாணவர்களை ஒலிப்பதிவுக் கருவியோடு நெய்வேலிக்கு அனுப்ப பஸ் செலவுதான் ஆகும். இந்த ஆண்டே அனுப்பலாம்.

(கட்டுரையாளர்: பொருளியல் வரலாற்று ஆய்வாளர்)