மரக்கன்று நட்டால் சுரங்கம் சரியாகிவிடுமா?

உயிரியல் பாடத்தில் இரண்டு படங்கள் தவறாமல் வரும். ஒன்று உணவுச் சங்கிலி: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. இன்னொன்று கார்பன் சுழற்சி. அம்புக்குறி மாறாமல் வரைந்தால் முழு மதிப்பெண்! விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் வட்டாரத்துப் பிள்ளைகளும் இதைத்தான் வரைகிறார்கள். ஆனால் அந்தப் படத்தின் ஒரு பெரிய அம்புக்குறி பக்கத்து நெய்வேலியில் புகைபோக்கி வழியே மேலே போகிறது என்பதை எத்தனை பேர் சொல்லித் தருகிறார்கள்?

ஆற்றல் ஒருவழிப் பாதை. சூரியனில் இருந்து வந்து, பயிரில் கொஞ்சம் தங்கி, ஒவ்வொரு படியிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டும் மேலே ஏறி, மீதி வெப்பமாகப் போய்விடும். லிண்டமேன் 1942-ல் சொன்னது இது. கார்பன் அப்படியில்லை, சுற்றிச் சுற்றி வரும். நல்லூர் வயலில் நெல் இழுத்த கரியமில வாயு, சோறாகி, வைக்கோலாகி, மாடு தின்று, ஓரிரு வருடத்தில் காற்றுக்கே திரும்பிவிடும். வரவும் செலவும் சமம்.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி இந்தக் கணக்கில் இல்லாத சரக்கு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய காடு அது. மண்ணுக்குள் பூட்டி வைத்திருந்ததை 1960-களில் இருந்து தோண்டி எரிக்கிறார்கள்.

"அதற்குத்தான் மரக்கன்று நடுகிறோமே" என்பது வழக்கமான பதில். சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. நெய்வேலியில் ஆண்டுக்கு 2 கோடி டன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ இழுக்கும் என்றால் 100 கோடி மரம் வேண்டும். பத்தடிக்கு ஒன்றாக நட்டால் 23 லட்சம் ஏக்கர். கடலூர் மாவட்டம் முழுவதுமே 9 லட்சம் ஏக்கர்தான்! அதுவும் மரம் வளர்கிற வரைக்கும்தான் இந்தக் கணக்கு. பட்டுப்போனாலோ எரித்தாலோ எல்லாம் திரும்பக் காற்றுக்கு.

இன்னொரு கொடுமை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்கத்துக்கான வாய்க்கால் வெட்ட, விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்களை ஓட்டினார்கள். கரியமில வாயுவை இழுக்கும் பயிரை அழித்து, அதை வெளியேற்றும் கரியை எடுக்க வழி! இதை எந்தப் பாடப்புத்தகத்துப் படத்தில் வரைவது?

"மின்சாரம் இல்லாமல் இருப்பாயா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நெய்வேலி மின்சாரத்தில் தமிழ்நாடு விளக்கேற்றியது உண்மை, பல குடும்பங்கள் அதில் சாப்பிடுவதும் உண்மை. நாளையே மூடு என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வெயிலும் காற்றும் மின்சாரமாகிற காலத்தில் புதுச் சுரங்கத்துக்கு இன்னும் வயல் கேட்காதே என்பதுதான் வாதம். தோண்டியதை மரக்கன்றால் மறைக்காதே என்பதும்தான்.

தொழில் தொடங்குமுன் 280 ஆக இருந்த காற்றின் கரியமில வாயு அளவு இன்று பத்து லட்சத்தில் 420 பங்கைத் தாண்டிவிட்டது. சுழற்சி என்று பெயர் வைத்துவிட்டு ஒரு பக்கம் மட்டும் அம்பு போட்டால், அது சுழற்சியா?