நேரம் வரட்டும், எழுதுகிறேன்!



மலருக்குப் படைப்பு கேட்டு வகுப்பு வகுப்பாகப் போனால் கிடைக்கிற பதில் ஒன்றே ஒன்றுதான். "எழுதணும்னு ஆசைதான்பா... நேரம் எங்க இருக்கு?"

காரணம் கேட்டால் பட்டியல் நீளும். ரெக்கார்டு நோட்டு, டிராயிங் ஷீட், மாடல் தேர்வு, நிற்காமல் போன அரூர் பஸ். வீட்டுக்குப் போனால் தக்காளி பறிக்க ஆள் பற்றவில்லை என்பார்கள். பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அடுத்து ஒன்று சொல்வார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு உடன்பாடில்லை. "டிப்ளமா முடியட்டும், அப்புறம் நிம்மதியா உட்கார்ந்து எழுதுறேன்."

டிப்ளமா முடிந்தால் என்ன நடக்கும்? நம் சீனியர்களைப் பாருங்கள். ஓசூருக்கோ பெங்களூருக்கோ போகிறார்கள். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் நைட் ஷிப்ட். ஒரே அறையில் நாலைந்து பேர். இன்றைக்கு இல்லாத நேரம் அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரப்போகிறது? இடைஞ்சலோடு எழுத இப்போதே பழகாதவன், அதன் பிறகு எழுதவே போவதில்லை. இதுதான் என் கட்சி.

சாட்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம். 1990-களில் இதே தருமபுரியில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் ஜெயமோகன். 1997-ல் வந்த 'விஷ்ணுபுரம்' எண்ணூறு பக்கங்களைத் தாண்டும். பின்னாளில் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற பெயரில் 2014 முதல் 2020 வரை, நாளுக்கோர் அத்தியாயமாக, 26 நாவல்களாக எழுதி முடித்தார். அவர் கருத்துகளோடு மல்லுக்கு நிற்கிறவர்கள் நம் விடுதியிலேயே உண்டு. சில விஷயங்களில் நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்த உழைப்பைப் பற்றி ரெண்டு பேச்சு கிடையாது. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு சுஜாதாவை நான் சொல்லத் தேவையில்லை. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதியவர் அவர்.

இங்கிலாந்தில் அந்தோணி டிரோலப் என்று ஒருவர் (1815–1882). தபால் துறையில் 33 வருடம் வேலை. விடிகாலை ஐந்தரைக்கு மேஜை முன் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை என்று கணக்குப் போட்டு எழுதுவார். அவரை எழுப்பிக் காபி கொடுக்கவே ஒரு வேலையாளுக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம்! (நமக்கு அந்தச் செலவு இல்லை. விடுதியில் பக்கெட் உருளுகிற சத்தமே எழுப்பிவிடும்.) ஆபீஸ் வேலையாக ஊர் ஊராகப் போகும்போது ரயிலிலேயே பென்சிலால் எழுதினார். மொத்தம் 47 நாவல்.

சரி, நமக்கு வழி? மெக்கானிக்கல் தோழர்களைக் கேளுங்கள். நாலு ஜா சக்கில் ஜாபை மாட்டி, டயல் வைத்து சென்டர் பார்த்து, டர்னிங் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதியில் கழற்றச் சொன்னால்? திரும்ப மாட்டும்போது பழைய சென்டர் லேசில் வராது. வெட்டுகிற நேரத்தைவிட செட்டிங் நேரம் அதிகமாகிவிடும். அதனால்தான் கழற்றுமுன் ஒன்றாம் நம்பர் ஜாவுக்கு நேராக ஜாபில் ஒரு மார்க் போட்டுக்கொள்கிறோம்.

எழுத்துக்கும் இதேதான். இடைஞ்சலில் போவது அந்தப் பத்து நிமிஷம் அல்ல, திரும்ப வந்து "எங்கே விட்டோம்?" என்று விழிக்கிற அரை மணிதான். அம்மா கூப்பிடுகிறாரா? எழுமுன் அடுத்து வரவேண்டியதை அரை வரி குறித்துவிட்டுப் போங்கள். "தங்கச்சி பஸ்சை விட்டுட்டா, அண்ணனுக்குத் தெரியாது." இது போதும், நாளைக்குப் பேனா தானாக நகரும். அடுத்தது என்ன என்று தெரிந்திருக்கிற இடத்தில்தான் அன்றைய வேலையை நிறுத்துவேன் என்று ஹெமிங்வேயும் சொல்லியிருக்கிறார்.

கைப்பேசி விஷயம் தனி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பாட்டி ஊர்க்கதை பேசினால் அது எழுத்துக்குச் சரக்கு. கைப்பேசியில் வருவதில் நூற்றுக்கு ஒன்று தேறினால் அதிகம். எழுதுகிற அரை மணிக்கு அதை அணைத்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிடலாம்.

ஆனால் ஒன்று. இதுவரை நான் சொன்ன நால்வரும் ஆண்கள். டிரோலப் ரயிலில் பென்சிலால் கிறுக்கியதைப் படியெடுத்துக் கொடுத்தது அவர் மனைவி. அந்த அம்மாள் உட்கார்ந்த நேரத்தை யார் கணக்கு வைத்தார்கள்?

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 1968-ல் பிறந்த சல்மாவுக்குப் பதின்மூன்று வயதிலேயே பள்ளிக்கூடம் நின்றுபோனது. கல்யாணத்துக்குப் பிறகு எழுதுவதற்கே எதிர்ப்பு. இரவில் கழிவறையில் நின்றபடி கிடைத்த தாளில் எழுதினார், ஒளித்து வைத்தார், தாயார் மூலமாகக் கமுக்கமாக வெளியே அனுப்பினார். கவிதைத் தொகுப்பு 2000-ல் வந்தது, 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் 2004-ல். 2025-ல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். இதைக் கேட்டு, "பார்த்தியா, மனசிருந்தா எழுதலாம்" என்று தோழிகளுக்கு உபதேசம் பண்ண யாரும் கிளம்ப வேண்டாம். கழிவறையில் எழுத வைத்தது நம் வெட்கம்.

நம் வீடுகளில் மட்டும் என்னவாம்? பையன் நோட்டை விரித்தால் "படிக்கிறான், தொந்தரவு பண்ணாதீங்க." பெண் விரித்தால் "களி கிண்டிட்டு வந்து எழுதும்மா." இந்த மலரில் தோழிகளின் பெயர் குறைவாக இருப்பதற்குத் திறமையைக் காரணம் சொல்ல முடியாது. அடுத்த முறை அக்காவோ தங்கையோ எழுத உட்கார்ந்தால், துடுப்பை நீங்கள் பிடியுங்கள்.

பேரவைக்கும் ஒரு கோரிக்கை உண்டு. கடைசி மணி அடித்ததிலிருந்து பஸ் வரும் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் மரத்தடியிலும் ஸ்டாப்பிலும் நிற்கிறோம். கடைசி பஸ் வரை நூலகத்தைத் திறந்து வைக்கச் சொல்லி முதல்வரிடம் மனு கொடுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.